காற்றை நிறுக்கும் பெட்டி

ஆந்திராவின் புத்தூரிலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்ட ஒரு 125 சிசி பைக். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், மைலேஜ் லிட்டருக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு மணி நேரம் வரும். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் தேவை. ஆக, அந்த ஒரு லிட்டர் ஒன்றரை லட்சம் பங்காகப் பிரிந்து உள்ளே போகிறது. ஒரு பங்கு ஐந்து மில்லிகிராம். ஒரு முழுச் சொட்டுக்கூடத் தேறாது. ஒரு பங்குக்கும் அடுத்த பங்குக்கும் நடுவே கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பாகம்.

இப்படிப் பங்கு பிரித்துக் கொடுப்பது சீட்டுக்கு அடியிலோ பக்கக் கவருக்குள்ளோ இருக்கும் கையடக்கமான கறுப்புப் பெட்டி. இசிஎம் என்பார்கள், இசியூ என்பார்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், டேங்குக்குள் இருக்கும் பம்ப்பும், அங்கங்கே பதித்த நாலைந்து சென்சர்களும் சேர்ந்தால் அது "எஃப்.ஐ. வண்டி". "நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணிக் கொடுங்கண்ணா" என்று இந்தப் பெட்டியை நம்பாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் நிறைய. 43 டிகிரி வெயில், லாரிகள் கிளப்பும் தூசி, பக்கத்திலேயே திருமலை ஏற்றம், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. எங்கோ ஒரு சோதனைக்கூடத்தில் எழுதிய கணக்கு இதற்கெல்லாம் பொருந்துமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பெட்டிக்குப் புத்தூரின் வெயிலும் மலையும் ஏற்கெனவே தெரியும். எது தெரியாது என்று தேடிப் போனால்தான் ட்யூனிங் என்ற வேலைக்கே அர்த்தம் கிடைக்கிறது.

பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதற்குக் கிட்டத்தட்ட 11 கிலோ காற்று. 25 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். எஞ்சின் காற்றை இழுப்பது கொள்ளளவில்: 125 சிசி என்றால் ஒரு தடவைக்கு 125 மில்லி லிட்டர் இடம், அவ்வளவுதான். எரிவதோ எடைக் கணக்கில். கொள்ளளவுக்கும் எடைக்கும் நடுவில்தான் ஊர் வந்து நிற்கிறது. அதே 125 மில்லி லிட்டருக்குள் மார்கழி விடியலில் அடங்கும் காற்று வேறு, வைகாசி மதியத்தில் அடங்கும் காற்று வேறு.

எவ்வளவு வேறு? புத்தூரில் மார்கழிக் குளிர் 18 டிகிரி வரை இறங்குகிறது என்று கொள்ளலாம். மே மாத மதியம் 43. அக்னி நட்சத்திரம் முடிந்ததே என்று தமிழர் மூச்சு விட்டாலும் தெலுங்குக் கணக்கில் ரோகிணி கார்த்தெ பாக்கி இருக்கும். இரு மொழியும் பேசும் ஊரில் வெயிலுக்கும் இரண்டு பஞ்சாங்கம். 18-லிருந்து 43-க்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி எட்டு விழுக்காடு குறைகிறது. இப்போது திருமலைக்கு ஏறுவோம். அடிவாரத்து அலிபிரியிலிருந்து மேலே போனால் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். காற்றழுத்தம் எட்டு விழுக்காடு இறங்கும். ஆனால் மேலே நாலைந்து டிகிரி குளிர்ச்சி. குளிர்ந்த காற்று நெருங்கி நிற்பதால் அதில் ஒன்றரை விழுக்காடு திரும்பக் கிடைத்துவிடும். நிகர நஷ்டம் ஆறரை.

கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வியப்பு இதுதான்: மலை ஏறுவதால் காற்று மெலிவதைவிட, புத்தூரில் இருந்த இடத்திலேயே மார்கழியிலிருந்து வைகாசிக்கு வருவதால் காற்று அதிகமாக மெலிகிறது. "மலையில வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று சொல்கிறவர், வீட்டு வாசலில் ஒவ்வொரு கோடையிலும் அதைவிடச் சற்று உயரமான மலை ஒன்றில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார். ஏற்றத்தின் சரிவு எஞ்சினைக் கஷ்டப்படுத்துவதால் மலையில் அது கண்ணில் படுகிறது, சமதளத்தில் படுவதில்லை. பழைய சித்தூர் மாவட்டத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் இன்னும் விசேஷம். ரேணிகுண்டா பக்கம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம். மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி மலை 1265 மீட்டர். 2022-ல் அந்த மாவட்டம் பிரிந்து, புத்தூர் திருப்பதி மாவட்டத்தோடும் ஹார்ஸ்லி மலை அன்னமய்யா மாவட்டத்தோடும் போயின. பைக்குக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. கீழிருந்து மேலே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் 13 விழுக்காடு குறைந்திருக்கும்.

இத்தனை மாற்றத்தையும் பெட்டி எப்படி அறிகிறது? காற்றைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. இரண்டே இரண்டு விஷயங்களைக் கேட்டு எடையை ஊகிக்கிறது: காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதியின்படி, அழுத்தமும் வெப்பமும் கொள்ளளவும் தெரிந்தால் எடை தெரியும். அழுத்தத்தைச் சொல்வது மேப் சென்சர். த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள குழாயில் இருக்கும் அழுத்தத்தை அளக்கிறது. வெப்பத்தைச் சொல்வது ஐஏடி சென்சர். சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு மணி. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினோம் என்பதை டிபிஎஸ் சென்சரும், எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கிறது என்பதை கிராங்க் சென்சரும் சொல்கின்றன. சின்ன வண்டிகளில் முதல் மூன்றையும் ஒரே டப்பியாகத் த்ராட்டில் பாடியில் ஒட்டிவைத்திருப்பார்கள்.

ஒற்றை சிலிண்டர் வண்டியில் இந்த அழுத்தக் கணக்கு ஒரு தந்திரத்துக்கும் உதவுகிறது. காரில் நாலு சிலிண்டர் மாறி மாறி இழுப்பதால் குழாயில் அழுத்தம் ஓரளவு நிதானமாக இருக்கும். பைக்கில் ஒரு இழுப்பு, பிறகு மூன்று ஸ்ட்ரோக் ஓய்வு. இழுக்கும்போது அழுத்தம் தடாலென்று சரிகிறது. ஓய்வில் வெளிக்காற்று மெல்ல உள்ளே நிரம்பி மறுபடி ஏறுகிறது. சரிந்த பள்ளத்தைப் பார்த்து எஞ்சின் எவ்வளவு காற்று குடித்தது என்று பெட்டி கணக்கிடுகிறது. பள்ளம் எந்தச் சுற்றில் விழுந்தது என்பதை வைத்து, இது பெட்ரோல் கொடுக்க வேண்டிய சுற்றா, புகையை வெளியே தள்ளும் சுற்றா என்றும் கண்டுபிடிக்கிறது. பெரிய எஞ்சின்களில் இதற்கென்று கேம்ஷாஃப்டில் தனி சென்சர் உண்டு. சின்ன வண்டிகள் பலவற்றில் கிடையாது, இந்த ஊகமே போதும். சாவியைத் திருப்பி, செல்ஃப் அமுக்குவதற்கு முன் எஞ்சின் நிற்கும் அந்தச் சில நொடிகளில் குழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமேதான். அப்போதே பெட்டிக்குத் தெரிந்துவிடும், நாம் நிற்பது ரேணிகுண்டாவா ஹார்ஸ்லி மலையா என்று.

யோசனை புதிதல்ல. 1967-ல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் 1600 காருக்குக் கொடுத்த டி-ஜெட்ரானிக் என்ற அமைப்பும் இதே போலக் குழாய் அழுத்தத்தை அளந்துதான் பெட்ரோல் கொடுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு எஃப்.ஐ. 1980-ல் கவாசாகி இசட் 1000 மூலம் வந்தது. இந்தியாவில் 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ., அடுத்த வருடம் பஜாஜ் பல்சர் 220, 2008-ல் யமஹா ஆர்15. அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் எஃப்.ஐ. என்பது காசுக்காரர் சமாச்சாரமாகவே இருந்தது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 புகை விதி கட்டாயமானதும் நிலைமை தலைகீழ்: மலிவு வண்டிகள் ஓரிரண்டு தப்பின, மற்றபடி காய்கறி மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வரைக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. பழைய சித்தூர் மாவட்டத்தின் சத்தியவேடு வட்டாரத்தில் ஹீரோ மோட்டோகார்ப்பின் தொழிற்சாலையே இருக்கிறது. அங்கிருந்து வெளியே வரும் வண்டிக்குப் புத்தூர் வெளியூர் இல்லை.

கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குக்கு இந்த சென்சர்கள் எதுவும் இல்லை; காதும் கண்ணும்தான். ஐடிலிங் சத்தத்தைக் கேட்டு ஏர் ஸ்க்ரூவை கால் சுற்று திருப்புவார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்: வெளுத்திருந்தால் லீன் (பெட்ரோல் கம்மி), கரி படிந்திருந்தால் ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி), செம்பழுப்பாக இருந்தால் சரி. கார்புரேட்டரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். காற்று எட்டு விழுக்காடு மெலிந்தால் அதன் கலவை எட்டு விழுக்காடு கெடுவதில்லை; வர்க்கமூலக் கணக்கில் நாலு விழுக்காடுதான் ரிச் ஆகும். மூளையே இல்லாத ஒரு பித்தளை ஜெட் பாதிச் சுமையைத் தானாகவே சமாளித்தது. மீதிப் பாதியை மெக்கானிக்கின் காது பார்த்துக்கொண்டது. ஊருக்கு ஏற்ற ட்யூனிங் என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. அன்று அதற்குத் தேவையும் இருந்தது.

ஆனால் அழுத்தமும் சூடும் அளந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. ஐப்பசி மழையை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில் ஈரம் முழுதாக ஏறிய காற்றில் நூற்றில் மூன்று பங்கு நீராவி. மேப் சென்சருக்கு நீராவியும் காற்றுதான், அழுத்தம் கொடுக்கிறதே. எரிவதற்கோ அது உதவாது. பெட்டி மூன்று விழுக்காடு பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துவிடும். இதைப் பிடிப்பதற்கு எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்: சைலன்சர் பைப்பின் ஆரம்பத்தில் திருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சர், ஒர்க்‌ஷாப் பேச்சில் ஓ2.

உள்ளே ஸிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபட்டால் பீங்கானுக்குக் குறுக்கே சிறு மின்னழுத்தம் எழும். இதற்கான சமன்பாட்டை ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889-லேயே எழுதிவிட்டார். அது கார் புகைக்குழாய்க்கு வந்து சேர 1976 ஆனது, வால்வோ காரில், போஷ் சென்சராக. கலவை ரிச் என்றால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட், லீன் என்றால் 0.1 வோல்ட். நடுவில் ஒன்றும் சொல்லாது. சாப்பிட உட்கார்ந்தவர் "உப்பு ஜாஸ்தி", "உப்பு கம்மி" என்ற இரண்டை மட்டும் சொல்லி, எவ்வளவு என்று ஒருநாளும் சொல்லாதது மாதிரி. அதனால் பெட்டி ரிச் என்ற பதில் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும், லீன் என்று வரும் வரை குறைக்கும். வினாடிக்குள் இப்படி அலைபாய்ந்துகொண்டே இருந்து சராசரியை 14.7-ல் நிறுத்தும். அந்த அலைச்சல் சைலன்சருக்குள் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பிடித்தமானது. ஆக்ஸிஜனைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக் கொஞ்சம் செலவழித்துத்தான் அது வேலை செய்கிறது. தினமும் ஒரே பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்தால், அந்தத் திருத்தத்தைப் பெட்டி நினைவில் எழுதிக்கொள்ளும். புத்தூரில் ஒரு கோடை ஓடிய வண்டி, புத்தூர்க் கோடையைக் கற்ற வண்டி.

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் இப்படித்தான் சமாளிக்கப்படுகிறது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்ஸிஜன் கொண்டது; ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்றே போதும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.1, 20 விழுக்காடு கலந்தால் 13.5. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறும்போது அதே காற்றுக்கு நாலு விழுக்காடு அதிகம் ஊற்ற வேண்டும். ஓ2 சென்சர் உள்ள வண்டி அதைத் தானே செய்துகொள்ளும். மைலேஜ் குறைந்ததை மட்டும் மறைக்க முடியாது. 10 விழுக்காட்டுக்கு அளவமைத்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 விழுக்காடு குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே சொல்லியிருக்கிறது. ஓ2 சென்சர் இல்லாத பழைய எஃப்.ஐ. வண்டிகளும் கார்புரேட்டர் வண்டிகளும் அந்த அளவுக்கு லீனாக ஓடும். உண்மையிலேயே ட்யூனிங் கேட்டு நிற்பவை இவைதான். புத்தூர், நகரி ஆட்கள் திருத்தணிப் பக்கம் போனால் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது வேறு கதை. ஆந்திராவில் வரி அதிகம், லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். "அந்தப் பக்கத்துப் பெட்ரோல்ல பிக்கப் நல்லாருக்கு" என்பது பர்ஸ் சொல்வது, எஞ்சின் சொல்வதல்ல.

இனி, பெட்டிக்குத் தெரியாதவை.

ஓ2 சென்சருக்கு 300 டிகிரி சூடு ஏறினால்தான் பேச்சு வரும். காலையில் எடுத்த முதல் சில நிமிடங்கள் பெட்டி அதைக் கேட்பதில்லை. கைப்பிடியை முழுக்க முறுக்கும்போதும் கேட்பதில்லை. அப்போது தேவை அதிகபட்ச சக்தி, கலவை 13-ஐ ஒட்டி ரிச்சாக வேண்டும், நெர்ன்ஸ்ட் பீங்கானால் அந்த அளவைச் சொல்ல முடியாது. இந்த நேரங்களில் தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணைதான் கதி. ஒரு பக்கம் த்ராட்டில், ஒரு பக்கம் சுற்று, கட்டத்துக்குக் கட்டம் இன்ஜெக்டர் எத்தனை மில்லி வினாடி திறக்க வேண்டும் என்ற எண். மேப்பிங் என்று சொல்வது இதைத்தான். காற்றழுத்தத் திருத்தமும் வெப்பத் திருத்தமும் இதன் மேலும் ஏறும். ஓ2-வின் சாட்சி மட்டும் இருக்காது. அந்த அட்டவணை சான்றிதழ் வாங்கும் சோதனைக்கூடம் 25 டிகிரியை ஒட்டி வைக்கப்படுகிறது. புத்தூர் வெயில் அங்கே கிடையாது.

வழியில் ஒரு ரயில்வே கேட். மதியம் ஒரு மணி. அரக்கோணம் ரேணிகுண்டா தடத்தில் சரக்கு வண்டி போகும் வரை எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறோம். காற்றோட்டம் நின்றதும் எஞ்சினின் சூடு மேலே ஏறி, த்ராட்டில் பாடியையும் அதில் ஒட்டிய ஐஏடி சென்சரையும் வேகவைக்கிறது. கேட் திறந்ததும் உள்ளே வருவது 43 டிகிரிக் காற்று. சென்சர் சொல்வதோ 60-க்கு மேல். காற்று ரொம்ப மெலிந்திருக்கிறது என்று நம்பிப் பெட்டி பெட்ரோலைக் குறைக்கிறது. வண்டி ஒரு திணறு திணறி, கொஞ்ச தூரம் போய் சரியாகிறது. "பெட்ரோல் மோசம்" என்று பங்க்கைத் திட்டுவோம். கார்புரேட்டரிலும் இந்த வியாதி இருந்தது, காரணம் வேறு: அங்கே கிண்ணத்திலிருந்த பெட்ரோலே கொதிக்கும்.

மற்ற கோளாறுகளில் முக்கால்வாசி, பெட்டியிடம் யாரோ பொய் சொல்வதால் வருபவை. சைலன்சர் பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் நைந்து பொடி ஓட்டை விழுந்தால், ஒவ்வொரு புகை வீச்சுக்கும் பிறகு வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். ஓ2 சென்சர் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்" என்று கூவும். பெட்டி கூட்டிக் கூட்டி ஊற்றும். மைலேஜ் சரியும், பிளக் கறுக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் கேஸ்கெட்டுக்கு ஓ2 சென்சர், இன்ஜெக்டர் என்று ஆயிரக்கணக்கில் மாற்றியவர்கள் உண்டு. பேட்டரியும் பொய் சொல்லும், அல்லது பொய்க்குக் காரணமாகும். இன்ஜெக்டர் என்பது மின்சாரச் சுருள் இழுத்துத் திறக்கும் ஊசி. 14 வோல்ட்டில் அது அசைந்து திறக்கவே ஒரு மில்லி வினாடி ஆகும், வோல்ட் இறங்கினால் இன்னும் தாமதமாகும். மொத்தத் திறப்பே மூன்று மில்லி வினாடி என்னும்போது இது பெரிய தொகை. வோல்ட்டேஜ் பார்த்துப் பெட்டி கூடுதல் நேரம் கொடுத்துச் சரிக்கட்டும். டெர்மினலில் பாசி பிடித்து வோல்ட் துள்ளினால் எதை வைத்துச் சரிக்கட்டும்? ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரித் தொழிற்சாலை இருக்கிற வட்டாரம். பேட்டரியைக் கடைசியாகச் சந்தேகிக்கும் பழக்கம் மட்டும் இங்கேயும் போகவில்லை.

வேண்டுமென்றே சொல்லும் பொய்களும் இருக்கின்றன. ஐஏடி சென்சர் வயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்துவிட்டால், சூடான காற்றைக் குளிர்ந்தது என்று பெட்டி நம்பும். பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். "பிக்கப் சிப்" என்ற பெயரில் விற்பதில் பல இதுதான். சீராக ஓடும்போது ஓ2 சென்சர் அந்தக் கூடுதலைக் கண்டு பெட்டியைக் குறைக்க வைத்துவிடும். கை முழுக்க முறுக்கும் நேரத்தில் மட்டும் பொய் பலிக்கும். அப்போது ஏற்கெனவே ரிச்சான கலவை இன்னும் ரிச்சாகி, சக்தி ஏறுவதற்குப் பதில் குறையவும் வாய்ப்புண்டு. எண்ணெய் பூசிய "ஃப்ரீ ஃப்ளோ" ஏர் ஃபில்டர் இதைவிட மோசம் என்பேன். புத்தூர், நகரித் தூசியில் ஓடும் வண்டிக்குத் தூசியை நன்றாகப் பிடிக்கும் கம்பெனிக் காகித ஃபில்டரே மேல். அழுக்கேறினாலும் அது எஃப்.ஐ. வண்டியின் கலவையைப் பெரிதாகக் கெடுக்காது, ஏனென்றால் மேப் சென்சர் அதற்குப் பின்னால் உட்கார்ந்து குறைந்த அழுத்தத்தை அப்படியே அளக்கிறது. உள்ளே நுழைந்த கல்தூசி சிலிண்டரைத் தேய்ப்பதை எந்த சென்சரும் அளப்பதில்லை.

அப்படியானால் ரீமேப்பிங் என்பதே ஏமாற்றா? அப்படிச் சொல்ல மாட்டேன். சைலன்சரும் கேமும் மாற்றி ரேஸ் ஓட்டுகிறவருக்குத் தொழிற்சாலை அட்டவணை பொருந்தாது. எஞ்சின் மூச்சு விடும் விதமே மாறிவிட்டது. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனம் செய்யும் பவர்ட்ரானிக் என்ற பெட்டி, கம்பெனிப் பெட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்துகிறது. ஒழுங்காகச் செய்பவர்கள் வண்டியை டைனோ உருளைமேல் ஏற்றி, "ரிச், லீன்" என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு என்றும் சொல்லும் வைட்பேண்ட் சென்சரைப் பைப்பில் செருகி, கட்டம் கட்டமாகத் திருத்துவார்கள். அன்றாட வண்டிக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் ரொம்ப ஹீட் ஆகுது." 14.7-ல் ஓடும், காற்றால் குளிரும் எஞ்சின் மே மாதத்தில் சூடாகத்தான் இருக்கும். சற்று ரிச் செய்தால் குளிரும், உண்மை. விலை பெட்ரோலும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும். அதோடு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எவ்வளவு செலவழித்தாலும் மெலிந்த காற்றில் இல்லாத ஆக்ஸிஜனை எந்த மேப்பிங்கும் கொண்டுவராது. எட்டு விழுக்காடு காற்று குறைந்தால் கிட்டத்தட்ட எட்டு விழுக்காடு சக்தி குறையும். ஒரு கியர் இறக்க வேண்டும், அவ்வளவே.

எனவே புத்தூருக்கான ட்யூனிங் என்று நான் சொல்வது கவர்ச்சியில்லாத பட்டியல்: பைப் ஜாயின்ட்டில் புகைக்கறை பார்ப்பது, பேட்டரி டெர்மினல் சுரண்டுவது, த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைப்பது, வால்வு இடைவெளி சரிபார்ப்பது. டேங்க்கை ரிசர்வில் காயவிடாமல் இருப்பதும் இதில் சேரும். பம்ப் பெட்ரோலில் மூழ்கித்தான் குளிர்கிறது. மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பரையும் பார்க்க வேண்டும், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஒரு அளவுக்கு மேல் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். இப்போது சின்ன ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்கேனர் இருக்கிறது. அதில் எரர் கோடு அழிப்பதைவிட, ஓ2 வோல்ட் ஏறி இறங்குகிறதா, ஐஏடி காட்டும் வெப்பம் காலையில் நிழலில் நிற்கும்போது ஊர் வெப்பத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விடக்கூடாது. பிளக் நிறம் பார்த்த கண்ணின் வாரிசு அவர்தான்.

திருமலையிலிருந்து இறங்குவதைச் சொல்லாமல் விட்டால் பெட்டிக்கு அநியாயம். 1944-ல் திறந்த பழைய மலைப்பாதை இன்று இறங்க மட்டும். 36 கொண்டை ஊசி வளைவு. கியரில் இருந்தபடி கைப்பிடியை மூடி இறங்கினால், சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. சுற்று போதுமான அளவு இருக்கும் வரை பெரும்பாலான எஃப்.ஐ. வண்டிகளில் பெட்டி இன்ஜெக்டரை முழுதாக மூடிவிடும். ஐந்து மில்லிகிராம் அல்ல, பூஜ்யம். சாதாரண கார்புரேட்டரால் முடியாத காரியம் இது. அது இழுப்பு இருக்கும் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். ஆனாலும் பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரல் போட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்டி பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். எஞ்சின் பிரேக்கும் போய், முழுப் பாரமும் பிரேக் ஷூவின் மேல் விழுந்து அது காய்ந்து வழுக்கும். செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். அப்படி இறங்கி ஒரு வளைவில் விழுந்தவருக்கு இன்ஜெக்டர் தெரிந்த ஆள் உதவ மாட்டார். புத்தூரிலேயே வேறு கைகள் உண்டு, தமிழ்நாடு முழுக்கப் பேர் போன புத்தூர்க் கட்டுப் போடுபவர்கள்.